வகுப்பறையில் ஒலியும் படமும்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். சில ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகள் பாடத்தையொட்டி ஒலிப்பதிவு, போட்டோ கதை, சின்னச் சின்ன அசைவுப் படம் என்று தாங்களே செய்துவருகிறார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்துக்குப் போனால் மற்ற ஆசிரியர்கள் இதைப் பற்றிக் கேட்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் வேறு மாதிரி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதியிருக்கிறேன். நான் விலங்கியல் படித்தவன். கணினியோ சினிமாவோ படித்தவன் அல்ல. இதில் இருப்பதெல்லாம் வகுப்பில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவை.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. வீடியோ போட்டுத்தான் பாடம் நடத்துகிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

போட்டுக் காட்டுவது நல்லதுதான், விட்டுவிடாதீர்கள். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023-இல் மணற்கேணி செயலி வந்தது. இதயத்தின் நான்கு அறைகளைக் கலர் சாக்பீஸால் வரைந்து, அதில் ரத்தம் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது ஓடுவதையே காட்டிவிடலாம்.

ஆனால் பார்த்த பாடம் வேறு, செய்த பாடம் வேறு. நீர்ச் சுழற்சி வீடியோவை இரண்டு முறை பார்த்த ஏழாம் வகுப்பில், "தண்ணீர் எங்கே ஆவியாகுது?" என்று கேட்டேன். மொத்த வகுப்பும் "கடல்ல" என்றது. கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த வகுப்பில் மூன்று பேர். ஐந்தைந்து பேராகப் பிரித்து, நம் ஊரில் ஆவியாகும் இடங்களைப் போட்டோ எடுத்து வரச் சொன்னேன். அது மார்கழி மாதம். களி கிண்டும் பானை, கொடியில் காயும் சேலை, விடிகாலையில் ஏரிமேல் நிற்கும் மூட்டம், குளிரில் மாடு விடும் மூச்சு என்று படங்கள் வந்தன.

கடைசி இரண்டு படங்களில்தான் பாடமே நடந்தது. "மூட்டம் கண்ணுக்குத் தெரியுதே சார். அப்ப அது ஆவி இல்ல, ஆவி குளுந்து துளியானது" என்றாள் ஒருத்தி. "அப்படின்னா களிப் பானைக்கு மேல தெரியறதும் ஆவி இல்லையா?" என்றான் இன்னொருவன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மறுநாள் ஒரு குழு குக்கரைப் படமெடுத்து வந்தது. வெண்புகை தொடங்குவதற்கு முன்னால், ஆவி வெளியேறும் துளையை ஒட்டி ஒரு விரற்கடைக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் இருப்பதுதான் ஆவி, தெரிவதெல்லாம் நுண்துளி என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். படம் எடுக்கப் போகிறவர் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். நான் கேட்பது அந்த உற்றுப் பார்த்தலைத்தான்.

முதலில் எதில் தொடங்கலாம்? வீடியோவிலா?

வேண்டாம். ஒலியில் தொடங்குங்கள். வீடியோ என்றதும் பிள்ளைகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக நின்றுவிடுகிறார்கள். ஒலிப்பதிவில் முகம் தெரியாது. கூச்சப்படும் பிள்ளைகூட வாய் திறக்கும். இட வசதியும் உண்டு. ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 1 எம்பி போதும். அதே ஒரு நிமிடத்தைத் தெளிவான வீடியோவாக எடுத்தால் 100 எம்பியைத் தொட்டுவிடும்.

எங்கள் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான்: வீட்டில் கேட்கும் ஒரு சத்தம், முப்பது விநாடி, பேச்சு கூடாது. வகுப்பில் போட்டால் மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சேவல், மிக்சி, எக்செல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் திணறுவது, புளி தட்டுவது எல்லாம் வரும். ஒருமுறை ஒரு மாணவி கொண்டுவந்ததைப் போட்டதும் எல்லாரும் ஒரே குரலில் "மழை" என்றார்கள். ஓலைக் கூரைமேல் தூறல் விழுவது போலவே இருந்தது. நானும் மழை என்றுதான் நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். "புழு இலை திங்கிற சத்தம் சார்."

அவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழு நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும். வாழ்நாளில் தின்னும் மொத்த இலையில் ஐந்தில் நான்கு பங்கை அந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் தின்னும். ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே நேரத்தில் மல்பெரி இலையைக் கடித்தால் அப்படித்தான் கேட்கும். ஒரே நேரத்தில் வளர்க்கும் ஒரு தொகுதிப் புழுவை ஈடு என்பார்கள். அடுத்த ஈட்டு வளர்ப்பில் அவளே இன்னொன்றையும் செய்தாள். இரண்டாம் பருவத்தில் ஒரு பதிவு, ஐந்தாம் பருவத்தில் ஒரு பதிவு. முதலாவதில் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நிசப்தத்தையும் முப்பது விநாடி முழுசாகப் போட்டுக் காட்டினாள். வளர்ப்பு மனைக்குள் போகுமுன் கிருமிநாசினியில் கால் நனைக்க வேண்டும், போனையும் துடைக்க வேண்டும், ஏன் என்றால் நோய் ஒரு தட்டில் நுழைந்தால் ஈடு முழுக்கப் போகும் என்பதையும் அவள்தான் வகுப்புக்குச் சொன்னாள். என் விலங்கியல் பட்டத்துக்கு அன்று வேலையே இல்லை.

இந்தச் சத்த வேலை இரண்டு வாரம் ஓடினால், அடுத்து பேச்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்து ஒலி நாடகம். எங்கள் பிள்ளைகள் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை எடுத்தார்கள். அதியமான் ஆண்ட தகடூர் என்பது நம் தர்மபுரியேதான் என்று தெரிந்ததில் அவர்களுக்குத் தனிப் பெருமை. மலை ஏறும்போது காய்ந்த கேழ்வரகுத் தாளை மிதித்து நடைச் சத்தம் வரவைத்தார்கள். டப்பாவில் புளியங்கொட்டையைக் குலுக்கி மழை கொண்டுவந்தார்கள். நெல்லிக்கனியைக் கடிக்கும் சத்தத்துக்குத்தான் ஒரு வாரம் போராட்டம். நெல்லிக்காயைக் கடித்தால் பதிவில் சத்தம் சரியாக வரவில்லை. கடைசியில் கேரட்டில் முடிந்தது.

இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் என்னுடையது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி?

ஒரு போன் போதும். போனுக்கு வெளியே இருக்கும் வேலைதான் அதிகம் என்பது தொடங்கியதும் தெரியும். ஒரு குழு பதிவு செய்யும்போது இன்னொன்று காட்சிகளைக் கட்டம் கட்டி வரையும், இன்னொன்று கேள்விகள் எழுதும், இன்னொன்று பொருள் சேர்க்கும். குழுவுக்குள்ளும் ஐந்து வேலை பிரிப்போம்: பிடிப்பவர், கேட்பவர், குறிப்பவர், நேரம் பார்ப்பவர், அனுமதி கேட்பவர். ஐந்தாவது வேலையை யாரும் முதலில் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் "பாட்டி, நீங்க பேசுறத நாங்க பதிவு பண்ணிக்கலாமா? எங்க வகுப்புல மட்டும் போடுவோம்" என்று கேட்கப் பழகிய பிள்ளை யாரிடமும் பேசும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். விட்டுவிட்டால் போன் பையன்கள் கைக்கே போகும். வீட்டிலும் அப்படித்தான், அண்ணன் கையில் போன், தங்கை எட்டிப் பார்ப்பாள். அதனால் முதல் மாதம் முழுக்கப் 'பிடிப்பவர்' பெண் பிள்ளைதான் என்று வைத்துவிட்டேன். பையன்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, சுழற்சி தானாகவே சரியாக நடந்தது.

உங்கள் போனைக் கொடுப்பதென்றால் சிம் கார்டைக் கழற்றிவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். வீட்டில் டிஸ்ப்ளே கீறல் விட்டுக் கிடக்கும் பழைய போன் இன்னும் நல்லது.

மலைக் கிராமத்துப் பள்ளி. நெட் கிடையாது, போனும் கிடையாது. நாங்கள் என்ன செய்வது?

உங்களுக்குத்தான் மிக நல்ல பாடம் காத்திருக்கிறது. வகுப்பறையையே கேமராவாக்குங்கள்.

நன்றாக வெயில் அடிக்கும் நாளில், மரமோ தெருவோ தெரியும் ஒரு ஜன்னல் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். எல்லா ஜன்னலையும் கதவு இடுக்கையும் கறுப்பு பாலித்தீன் ஷீட்டாலும் கோணிப்பையாலும் அடைத்துவிடுங்கள். பொட்டு வெளிச்சம் வரக் கூடாது. வெளிப்பக்கம் பார்த்த ஜன்னலில் அட்டை வைத்து, ஓர் ஐந்து ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சின்னதாக ஓட்டை போடுங்கள். எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைகளை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும்.

முதலில் வேட்டியில் ஏதோ மங்கலாகத் தெரியும். பிறகு பச்சை. பிறகு ஒரு பிள்ளை கத்தும்: "சார், புளியமரம் தலைகீழா நிக்குது!" காற்றடித்தால் அந்தத் தலைகீழ் மரம் ஆடும். யாராவது வெளியே நடந்தால் தலைகீழாக நடப்பார். எங்கள் வகுப்பில் ஒரு பையனை வெளியே அனுப்பிக் குதிக்கச் சொன்னார்கள். அவன் வேட்டியில் மேலிருந்து கீழே குதித்தான். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று எட்டு முறை எழுதவைத்தாலும் வராதது அன்று வந்தது. மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி ஓட்டை வழியாக நேராகக் கீழேதான் போக முடியும், அதனால் தலைகீழ். ஓட்டையைச் சின்னதாக்கினால் படம் துல்லியமாகும், ஆனால் மங்கும். பிறகு தாத்தாவின் படிக்கும் கண்ணாடி ஒன்றை ஓட்டையில் வையுங்கள். பிளஸ் 2 பவர் என்றால், அரை மீட்டர் தூரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் படம் பளிச்சென்று விழும். போன் கேமராவுக்குள் நடப்பதும் இதுவேதான்.

அசைவுக்குப் பழைய நோட்டு போதும். ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு படமாக இருபது பக்கம் வரைந்து, கட்டைவிரலால் சர்ரென்று விட்டால் படம் ஓடும். இன்னொன்று, வட்ட அட்டையில் ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் பரிசல் வரைந்து, இரண்டு ஓரத்திலும் நூல் கட்டிச் சுழற்றுவது. பரிசல் ஆற்றில் மிதக்கும். பின்பக்கப் படத்தைத் தலைகீழாக வரைய வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் 1820-களில் இது பெரியவர்கள் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுப் பொருள். சினிமா வருவதற்கு எழுபது ஆண்டு முன்னால்.

பதிவு செய்தால் எதிரொலியும் இரைச்சலுமாக இருக்கிறதே?

காங்கிரீட் அறையில் அப்படித்தான் வரும். அரிசி மூட்டை அடுக்கிய அறை, பாய் போர்வை குவிந்த மூலை, இல்லையென்றால் வேப்பமரத்தடி. அவசரத்துக்கு இரண்டு பேர் ஒரு போர்வைக்குள் புகுந்துகொண்டு பதிவு செய்யலாம். குரல் வானொலி போலக் கேட்கும். ஃபேனை நிறுத்துங்கள். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண். மைக் போனின் அடிப்பகுதியில் உள்ள சின்ன ஓட்டை, பிள்ளைகள் அதை உள்ளங்கையால் மூடிவிடுவார்கள். காற்று வீசினால் மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பேசுவதற்கு முன்னும் பின்னும் ஐந்து விநாடி மௌனம் விடுங்கள், வெட்டி ஒட்டும்போது அது கைகொடுக்கும்.

போட்டோ எடுக்கச் சொன்னால் எல்லாரும் செல்ஃபியோடு வருகிறார்கள். போட்டோ கதை என்பதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆளை அல்ல, வேலையை. எங்களுக்கு ஒகேனக்கல் பக்கம் என்பதால் பரிசல் கட்டுவது கிடைத்தது. மூங்கிலைப் பிளந்து, குடை கவிழ்த்தது போல முடைந்து, பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, தார் பூசுகிறார்கள். முன்பெல்லாம் தோல் போர்த்தியதாகச் சொல்கிறார்கள். ஆறே படம் என்று கட்டுப்பாடு வைத்தேன்: தூரத்தில் இருந்து இடம், ஆளும் வேலையும், கை மட்டும், கருவி மட்டும், பாதியில் நிற்கும் பொருள், முடிந்த பொருள். முதல் நாள் நாற்பது படம் எடுத்து வந்தார்கள். அதில் ஆறு பொறுக்குவதற்கு இரண்டு பாடவேளை ஆனது. "இது அழகா இருக்கு", "ஆனா இது எதையும் சொல்லல" என்ற வாக்குவாதம் அங்கேதான் நடந்தது. கடைசியில் பரிசல்காரர் சிரிக்கும் அழகான படத்தை விட்டுவிட்டு, தார் ஒட்டிக் கறுத்த விரல்களின் படத்தை வைத்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அந்தச் சிரிப்புப் படத்தை விட மனமில்லை. ஆனால் கதை அவர்களுடையது.

படத்தின் கீழே ஒரு வரிதான் எழுத வேண்டும், படத்தில் தெரிவதை எழுதக் கூடாது. 'தார் பூசுகிறார்' என்றால் வெட்டிவிடுவேன். 'தார் சூடாக இருக்கும்போதே பூச வேண்டும், ஆறினால் இழுபடாது' என்றால் இருக்கட்டும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நடுகல்லைவிட நல்ல வாத்தியார் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வயலோரம், ஏரிக்கரை, கோயில் பக்கம் என்று நடுகற்கள் நிற்கின்றன. தர்மபுரி அருங்காட்சியகத்திலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் படம் எடுத்தால் வெறும் கல்தான் தெரியும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது போங்கள். தேய்ந்துபோன வில்லும் வாளும் நிழலோடு எழுந்து நிற்கும். வட்டெழுத்து வரிகூடத் தெரியும். இருட்டிய பின் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாலும் இதே பலன். எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸோ மஞ்சளோ தடவ விடாதீர்கள். கல் கெடும்.

களிமண் பொம்மை தானாக நடப்பது போலப் படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். கஷ்டமா?

கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் என்று கணக்கு வைத்தால் இருபது விநாடிப் படத்துக்கு 240 படம். பொம்மையை ஒவ்வொரு முறையும் ஒரு நெல் அளவு நகர்த்தி ஒரு படம். போன் அசையவே கூடாது. இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி ரப்பர் பேண்டு போடுங்கள். ஜன்னல் வெயிலில் எடுக்காதீர்கள், மேகம் வந்து போனால் படம் கண் சிமிட்டும். அறைக்குள் டியூப் லைட் போதும். திரையில் பொம்மைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் வெளிச்சமும் ஃபோகசும் பூட்டிக்கொள்ளும். எங்கள் ஆறாம் வகுப்பு ஏரிக் களிமண்ணில் செய்த செல் பிரிதல் பத்தொன்பது விநாடிதான் ஓடும். அதைச் செய்த ஐந்து பேருக்கும் எந்தக் கட்டத்துக்குப் பின் எது என்பதை நான் கேட்க வேண்டியதே இல்லை.

எடிட்டிங்குக்கு எந்த ஆப்?

போனில் ஏற்கெனவே இருக்கும் வெட்டும் வசதியே ஆறு மாதத்துக்குப் போதும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளி என்றால் ஒலிக்கு ஆடாசிட்டி, வீடியோவுக்கு ஓப்பன்ஷாட். இரண்டும் இலவசம், விளம்பரம் வராது. சில செயலிகளில் தமிழ் எழுத்து உடையும், கொம்பு ஒருபக்கம் எழுத்து ஒருபக்கமாக நிற்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். தலைப்பைப் பிள்ளையின் கையெழுத்தில் சிலேட்டில் எழுதிப் போட்டோ எடுத்துச் சேர்த்துவிடுங்கள். எனக்கு எந்த எழுத்துருவையும்விட அதுதான் பிடிக்கும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. தனியாக நேரம் ஒதுக்கினால் நடக்காது, பாடத்துக்குள் வைத்தால்தான் நடக்கும். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு வேலை போதும். ஆனால் அது இரண்டு மூன்று பாடத்தைத் தொட வேண்டும்.

நாங்கள் செய்ததில் நான் மிகவும் மதிப்பது 'எங்க ஊர்த் தண்ணி' என்ற பன்னிரண்டு நிமிட ஒலித் தொகுப்பு. நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டு, காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது. பிள்ளைகள் தங்கள் தாத்தா, பாட்டி, அம்மாவிடம் அதற்கு முன்பும் பின்பும் எந்தத் தண்ணீர் குடித்தார்கள், எங்கே போய் எடுத்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். குடம் நிரம்பும் சத்தத்தில் தொடங்கும். வேதியியல், உடல்நலம், சமூக அறிவியல், தமிழில் பேட்டி எழுதுதல் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன.

அதில் பல்லைப் படமெடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. ஓர் எட்டாம் வகுப்பு மாணவி, "எங்க அம்மா போட்டோவுல வாயத் தொறந்து சிரிக்கவே மாட்டாங்க சார். வேணாம்" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒலி மட்டும் போதும் என்று அப்போதே முடிவானது.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், கன்னடம் பேசுகிறார்கள். தமிழ் பேசுபவர்களும் கொச்சையாகப் பேசுகிறார்கள். பதிவில் அப்படியே விடலாமா?

விடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் இருக்கும். பாட்டி தெலுங்கில் கதை சொன்னால் தெலுங்கிலேயே பதிவாகட்டும். பிறகு பேத்தி அதைத் தமிழில் சொல்லட்டும். ஒரு சொல்லுக்குத் தமிழில் என்ன என்று அவள் தேடும் அந்த ஐந்து நிமிடம் மொழிப்பாடத்தின் உச்சம்.

'கொச்சை' என்ற சொல்லை நான் வகுப்பில் சொல்வதில்லை. செய்தி வாசிப்பது போலப் பேசச் சொன்னால் பிள்ளைகளின் குரல் செத்துவிடுகிறது. விளக்கிச் சொல்லும் இடத்தில் பொதுத் தமிழ், பேட்டியில் ஊர்ப் பேச்சு என்று பிரித்துக்கொண்டோம். எதற்கு எந்த நடை என்று இப்போது அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடலாமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் பிறர் படைப்பைப் பயன்படுத்த ஓரளவு இடம் தருகிறது. வகுப்புக்குள் வைத்துக்கொள்வது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. ஏற்றினால் அந்தச் சலுகையை நம்ப முடியாது. என் யோசனை, பாட்டே வேண்டாம். கோயில் திருவிழாவில் பம்பை அடிக்கும் அண்ணனிடம் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா பொதுவகத்தில் எடுத்து, எடுத்தவர் பெயரைப் போடுங்கள்.

பிள்ளைகள் செய்ததை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

இதில் நான் ஒரு தவறு செய்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்யுள் ஒப்புவிக்கும் வீடியோவைப் பெருமையாகப் பெற்றோர் குழுவில் போட்டேன். அவளையோ அவள் வீட்டையோ கேட்கவில்லை. யாரோ அதை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் கேலியாக வைத்துவிட்டார். அவள் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். வந்துவிட்டாள், ஆனால் அந்த ஆண்டு முழுக்கக் கேமரா முன் நிற்கவில்லை.

அதன்பின் விதி இதுதான்: பிள்ளையின் சம்மதம் முதலில், பெற்றோரின் கையெழுத்து அடுத்து, இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வெளியே போகாது. 2023-ஆம் ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எங்களுக்கு வெளியிடும் இடம் பள்ளிதான். மாதக் கடைசி வெள்ளி மாலை வராண்டாவில் ஸ்பீக்கர் வைத்து, பெற்றோரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுகிறோம். வேலை முடித்து வந்த அம்மாக்கள் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு, தன் பிள்ளையின் குரல் வரும்போது பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் காட்டுவார்கள்.

பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்துமா?

பார்வை குறைந்த பிள்ளை ஒலி வேலையில் முழுப் பங்காளி. படத்தை அந்தப் பிள்ளைக்குச் சொற்களால் விவரிக்க வேண்டும் என்று வைத்ததில் மற்றவர்களின் எழுத்தும் தேறியது. காது கேளாத பிள்ளைக்கு ஊதிய பலூனை ஸ்பீக்கர் முன் பிடிக்கக் கொடுங்கள், அதிர்வு விரலில் தெரியும். அசைவுப் படமும் போட்டோ கதையும் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லாத வேலை.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

பளபளப்புக்குப் போடாதீர்கள். நல்ல போன் உள்ள வீட்டுப் பிள்ளைதான் வாங்கும். எத்தனை முறை திருத்தினார்கள், எதை வெட்டினார்கள், ஏன் என்பதை ஒரு பக்கம் எழுதச் சொல்லி, பாடம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டில் அந்தப் பக்கத்துக்குப் போடுங்கள்.

போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாதா? (இது பெற்றோர் கேட்பது)

உங்கள் பயம் நியாயமானது, நானும் பெற்றோர்தான். ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக ஓடும் குட்டி வீடியோக்களைக் குனிந்து பார்ப்பதையும், பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் போய் ஏர் பூட்டுவது எப்படி என்று பதிவு செய்வதையும் ஒன்றாக எண்ண வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். பள்ளி வேலைக்குப் போன் இருபது நிமிடம் போதும். நெட்டை அணைத்துவிட்டுக் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களையே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

பதிவுகளை எப்படிப் பத்திரப்படுத்துவது?

இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். முதல் ஆண்டில் ஒரு மாணவனின் பாட்டி நாற்று நடும்போது பாடும் பாட்டை ஏழு நிமிடம் பாடினார். நடுவில் மறந்து, சிரித்து, மறுபடி தொடங்கிய பதிவு. அந்தப் போன் தண்ணீரில் விழுந்தது. வேறு எங்கும் பிரதி இல்லை. திரும்பப் போய்ப் பதிவு செய்யலாம் என்று கோடை விடுமுறைக்குக் காத்திருந்தோம். சித்திரையில் அவர் காலமாகிவிட்டார்.

இப்போது பதிவு செய்த அன்றே இரண்டு இடத்தில் ஏற்றிவிடுகிறோம்: ஆய்வகக் கணினியில் ஒன்று, தலைமை ஆசிரியர் அறைப் பீரோவில் உள்ள பென் டிரைவில் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் தரம் குறைந்துவிடும். கோப்புக்குத் தேதி, என்ன, எங்கே, யார் பதிவு செய்தது என்ற வரிசையில் பெயர் வையுங்கள். எங்கள் கணினியில் கடைசியாகச் சேர்ந்தது இப்படி இருக்கிறது: '2025-02-21, புளி தட்டுதல், மேட்டுத் தெரு, ஏழாம் வகுப்பு மூன்றாம் குழு'.